பூல் மேசையின் மன்னன் யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி சின்னக் கேள்விதான். பூல் விளையாட்டின் வரலாற்றில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார்? காற்பந்து என்றால் கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேலேயா, மரடோனாவா, மெஸ்ஸியா என்று கோப்பி ஆறிப்போகும்வரை வாதாடலாம். அந்த மூவரும் ஆடியது ஒரே ஆட்டம். அதனால் வாதத்திற்கு ஒரு பொதுவான தரை இருக்கிறது. பூல் விஷயத்தில் அந்தத் தரையே கிடையாது. வில்லி மோஸ்கோனிதான் பெரியவர் என்று ஒருவர் சொல்வார். எஃப்ரன் ரேயஸ்தான் என்று இன்னொருவர் மேசையைத் தட்டுவார். இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இருவருக்குமே தெரிவதில்லை.

என்னுடைய பதில் என்ன என்பதை ஒளிக்கப் போவதில்லை. எனக்கு ரேயஸ்தான். ஆனால் அதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவை லேசானவை அல்ல. அவற்றையும் நியாயமாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வரவேண்டும்.

எந்த பூல்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பூல் என்பது ஒரு ஆட்டத்தின் பெயர் அல்ல. ஆறு குழி உள்ள மேசையில் ஆடப்படும் ஒரு குடும்பத்தின் பெயர். நம் ஊர்களில் கடைவீட்டு மாடிகளில் இளைஞர்கள் ஆடுவது பெரும்பாலும் எயிட் பால். ஒருவருக்கு முழு வண்ணப் பந்துகள், மற்றவருக்குக் கோடு போட்டவை, கடைசியில் கறுப்பு நிற எட்டாம் பந்து. தொலைக்காட்சியில் அதிகம் காட்டப்படுவது நைன் பால். அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகள் மட்டும். மேசையில் இருப்பவற்றில் சிறிய எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொடவேண்டும். ஒன்பதை முறையாகக் குழியில் போட்டவர் வெற்றி.

இவற்றிற்கு முன்னால் அமெரிக்காவில் கோலோச்சியது ஸ்ட்ரெய்ட் பூல். பதினைந்து பந்துகளில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் எந்தப் பந்து, எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்கவேண்டும். ஒரு பந்துக்கு ஒரு புள்ளி. பதினான்கு பந்துகள் விழுந்ததும் அவற்றை மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். மீதமுள்ள பதினைந்தாம் பந்தைக் குழியில் போடும் அதே அடியில், வெள்ளைப் பந்து போய் அந்த அடுக்கையும் கலைக்கவேண்டும். அப்போதுதான் ஆட்டம் தொடரும். தவறவிட்டால் எதிராளி எழுந்து வந்துவிடுவார்.

இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். ஒன் பாக்கெட் என்ற ஆட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு குழிதான் சொந்தம். முதலில் எட்டுப் பந்துகளைத் தன் குழியில் போடுபவர் வெல்வார். பார்ப்பதற்கு மெதுவான ஆட்டம். நம்முடைய ஆடு புலி ஆட்டம்போல அடைப்பதும் தப்பிப்பதுமாகவே போகும். ரொட்டேஷன் என்பது பிலிப்பீன்ஸ் தெருக்களின் ஆட்டம். பதினைந்து பந்துகளையும் எண் வரிசையில் தொட்டாகவேண்டும். பந்தின் எண்தான் அதன் புள்ளி. மொத்தம் 120. அதில் 61 எடுத்தவர் ஜெயித்தார். இந்த ரொட்டேஷனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

526 பந்துகள்

மோஸ்கோனியின் பக்கம் நிற்பவர்கள் எண்களோடு வருவார்கள். 1941க்கும் 1957க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம். 1954 மார்ச் 19ஆம் தேதி ஓஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகள். மேசையில் பந்துகளை முப்பத்தேழு முறைக்கு மேல் அடுக்கிக் கலைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டால் அதன் பிரம்மாண்டம் புரியும். கூடியிருந்தவர்கள் பலர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும் அதற்கு உண்டு.

மோஸ்கோனியின் தந்தை ஃபிலடெல்ஃபியாவில் பூல் கூடம் நடத்தியவர். ஆனால் மகன் அந்தப் பக்கம் போவதை அவர் விரும்பவில்லை. பந்துகளைப் பூட்டி வைத்தார். பையனோ சமையலறையிலிருந்து சிறிய உருளைக்கிழங்குகளை எடுத்துவந்து துடைப்பக் கட்டையால் அடித்துப் பழகினான். நம் வீடுகளிலும் பூல் கூடம் என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டல்லவா? அந்தச் சுளிப்புக்கு நூறு வயதாகிறது.

அந்த 526 அறுபத்தைந்து ஆண்டுகள் நின்றது. 2019இல் ஜான் ஷ்மிட் என்ற அமெரிக்கர் 626 அடித்தார். 2022இல் ஸ்காட்லாந்தின் ஜெய்சன் ஷா 714. அப்படியானால் மோஸ்கோனி மூன்றாம் இடத்திற்குப் போய்விட்டாரா? இங்கேதான் எண்கள் ஏமாற்றும். மோஸ்கோனி ஆடியது எட்டு அடி மேசை; ஷ்மிட் ஆடியது போட்டிகளுக்கு உரிய ஒன்பது அடி மேசை. அந்த வகையில் புதியவருக்கே பெருமை. ஆனால் ஷ்மிட் அந்த ஒரு சாதனைக்காகவே மேசையைப் போட்டு, நாள்கணக்கில், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றவர். மோஸ்கோனியோ அன்றிரவு 200 புள்ளிக்கான ஒரு சாதாரண ஆட்டத்தை முடித்துவிட்டு, கூட்டம் ரசிக்கிறதே என்று தொடர்ந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

மோஸ்கோனிக்கு முன்னால் ரால்ஃப் கிரீன்லீஃப் என்ற ஒரு மேதை இருந்தார். 1919இல் முதல் பட்டம் வென்றவர். 1933இல் இந்த இருவரையும் ஊர் ஊராக அழைத்துப்போய் மோதவிட்டார்கள். அந்த 107 ஆட்டங்களில் கிரீன்லீஃப் 57, இருபது வயது மோஸ்கோனி 50. கிரீன்லீஃப் ஆடிய காலத்துப் போட்டி மேசை பத்து அடி நீளம். ஒரு அடி கூடினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்கள், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு பந்தை அடித்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

மேசை யாருக்குக் கிடைத்தது?

பட்டங்களை எண்ணுகிறவர்கள் பொதுவாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பட்டத்திற்குப் போட்டியிட யார் யார் அனுமதிக்கப்பட்டார்கள்?

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த சிசரோ மர்ஃபி கறுப்பினத்தவர். வட்டாரப் போட்டிகளில் வென்று தன் திறமையை நிரூபித்திருந்தும் உலகப் பட்டப் போட்டிக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. காரணம் நிறம்தான். 1965இல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் நடந்த உலக அழைப்புப் போட்டியில்தான் கதவு திறந்தது. அப்போது அவர் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த முதல் முறையே பட்டத்தை வென்றுவிட்டார். அழைப்பு ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் அவர் கணக்கில் எத்தனை பட்டங்கள் இருந்திருக்கும்? அந்தக் கணக்கை யாராலும் எழுத முடியாது. 15 என்ற எண்ணை நாம் மரியாதையோடு சொல்லலாம், சொல்லவேண்டும். அந்த எண் எந்த அறைக்குள் உருவானது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பெண்கள் விஷயமும் அப்படியே. ஜீன் பலூக்கஸ் 1972இல் பதின்மூன்று வயதில் அமெரிக்கப் பொதுவிருது ஸ்ட்ரெய்ட் பூல் பட்டத்தை வென்றார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 26 வயதில் அமெரிக்க பில்லியர்ட்ஸ் பேரவையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறிவிட்டது. 1980களின் இறுதியில் போட்டிகளை விட்டே விலகினார். இங்கிலாந்தின் ஆலிசன் ஃபிஷர், ஸ்னூக்கரில் ஏழு முறை பெண்கள் உலக வெற்றியாளராக இருந்தவர். 1995இல் அமெரிக்காவுக்குப் போய் நைன் பாலுக்கு மாறினார். அதிலும் நான்கு உலகப் பட்டங்கள். ஆண்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக வரும் பட்டியலைப் பார்த்தால் அது பாதிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சி வந்த பிறகு

ஸ்ட்ரெய்ட் பூல் தொலைக்காட்சிக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் ஒரு மணி நேரம் பந்து போட்டுக்கொண்டே இருக்க, இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரம் பார்ப்பது? நைன் பால் சில நிமிடங்களில் முடியும். ஆகவே அது மேலே வந்தது. அதன் முதல் பெரிய நட்சத்திரம் வட கரோலினாவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட். அமெரிக்கப் பொதுவிருதை ஐந்து முறையும் (1984, 1987, 1993, 1997, 2000), உலகப் பட்டத்தை மூன்று முறையும் (1990, 1991, 2002) வென்றவர். பேசும் வாயும் பெரியது. பார்வையாளர்களோடு வாக்குவாதம் செய்வதில் அவருக்கு நிகர் அவரே.

1996இல் டல்லஸில் ஒரு போட்டி. தொடர்ந்து பத்து ஆட்டங்களை, எதிராளிக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்காமல், தொடக்க அடியிலிருந்து கடைசிப் பந்து வரை முடிப்பவருக்கு ஒரு மில்லியன் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். நடக்காத காரியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஸ்ட்ரிக்லண்ட் பதினொன்று முடித்தார். பணம் அவ்வளவு சுலபமாகக் கைக்கு வரவில்லை; காப்புறுதி நிறுவனத்தோடு சட்டச் சிக்கல் ஏற்பட்டது. ஆனால் மேசையில் நடந்ததை எந்த வழக்கறிஞராலும் மாற்ற முடியாதே.

பாத்தா

இனி ரேயஸ். 1954இல் பிலிப்பீன்ஸின் பம்பாங்கா மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் மணிலாவில் இருந்த மாமாவின் பூல் கூடத்திற்கு அனுப்பப்பட்டார். மேசை எட்டாது. கொக்கா கோலாப் பெட்டிகளை இழுத்துப்போட்டு அவற்றின் மேல் ஏறி நின்று ஆடினார். இரவில் அந்த மேசைமீதே தூக்கம். அங்கே எஃப்ரன் என்ற பெயரில் வயதில் மூத்த இன்னோர் ஆட்டக்காரர் இருந்ததால் இவரைப் 'பாத்தா' என்றார்கள். தகாலோக் மொழியில் சிறுவன் என்று பொருள். எழுபது வயதைத் தாண்டியும் அவர் பாத்தாதான்.

1985இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனுக்குப் போனார். அதற்குள் அவர் பெயர் அங்கே பரவியிருந்தது. எஃப்ரன் ரேயஸ் என்று சொன்னால் பந்தயத்திற்கு யாரும் வரமாட்டார்கள். எனவே சீசர் மொராலெஸ் என்று பெயர் கொடுத்துக் கலந்துகொண்டார், வென்றார். யாரையும் இப்படி ஏமாற்றலாமா என்று நேயர்கள் கேட்கலாம். அந்தக் காலத்து பூல் உலகம் பாதி பந்தய உலகம். அங்கே பெயர் தெரிவது நஷ்டம். இந்த விளையாட்டின் பழைய பெரியவர்கள் எத்தனை பேரின் மிகச் சிறந்த ஆட்டங்கள் எந்த ஏட்டிலும் பதிவாகாமல் போயின என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவானவை இவை. 1994இல் அமெரிக்கப் பொதுவிருதை வென்ற முதல் வெளிநாட்டவர். 1996இல் ஹாங்காங்கில் ஸ்ட்ரிக்லண்டோடு நேருக்கு நேர் மோதல். முதலில் 120 ஆட்டங்களை வெல்பவருக்கு 100,000 டாலர், தோற்றவருக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாள் நடந்தது. பின்தங்கியிருந்து எழுந்து வந்து 120க்கு 117 என்று ரேயஸ் முடித்தார். 1999இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில், 44 வயதில் உலக நைன் பால் பட்டம். 2004இல் உலக எயிட் பால் பட்டம். இரண்டு பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆண் அவர்தான். 2006இல் அமெரிக்காவின் ரீனோவில் 500,000 டாலர் முதல் பரிசு. பூல் வரலாற்றில் அதுவரை அப்படியொரு தொகை அறிவிக்கப்பட்டதில்லை. அந்தப் போட்டித் தொடர் சீக்கிரமே சரிந்ததும், பரிசுப் பணம் உரிய நேரத்தில் வந்து சேராததும் தனிக் கதை.

ஆனால் இந்தப் பட்டியலுக்காக நான் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. உலக நைன் பால் பட்டம் அவருக்கு ஒன்று, ஸ்ட்ரிக்லண்டுக்கு மூன்று. பட்டத்தைத்தான் எண்ணவேண்டும் என்றால் ரேயஸ் தோற்றுவிடுவார்.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள நைன் பாலின் ஒரு விதியைப் பார்க்கவேண்டும். சிறிய எண் பந்தை முதலில் தொடாவிட்டால் அது தவறு. எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். நல்ல ஆட்டக்காரர்களிடையே அது தோல்விக்குச் சமம். ஆகவே தன்னால் போட முடியாதபோது, அந்தச் சிறிய எண்ணை மற்ற பந்துகளுக்குப் பின்னால் மறைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நேராக அடிக்க வழியில்லாத எதிராளி, நம் கேரம் பலகையில் ஸ்டிரைக்கரை எதிர்ச்சட்டத்தில் மோதவிட்டுத் திருப்புவதுபோல, வெள்ளைப் பந்தை ரப்பர் விளிம்பில் மோதவிட்டுச் சுற்றி வளைத்துத்தான் தொடமுடியும். பெரும்பாலோர் தொட்டாலே போதும் என்று அடிப்பார்கள். ரேயஸ் தொடுவதோடு நிற்கவில்லை. பந்து எந்தப் பக்கம் போகவேண்டும், வெள்ளைப் பந்து எங்கே நிற்கவேண்டும் என்பதையும் தீர்மானித்து அடித்தார். முடிந்தால் குழியிலேயே போட்டார்.

1995இல் ரீனோவில் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக அவர் அடித்த ஒரு அடி இன்றும் பேசப்படுகிறது. மறைக்கப்பட்டிருந்த பந்தை நோக்கி வெள்ளைப் பந்தை இரண்டு விளிம்புகளில் குறுக்கும் நெடுக்குமாக மோதவிட்டு, மின்னல் கோடுபோல ஓடவிட்டுக் குழியில் விழுத்தினார். அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் அதுபோன்றதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். 'மந்திரவாதி' என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ரொட்டேஷனிலிருந்து என்பது என் கருத்து. மேசை முழுக்கப் பதினைந்து பந்துகள். தொடவேண்டியதோ ஒன்றே ஒன்று. அது பெரும்பாலும் எதற்காவது பின்னால்தான் இருக்கும். அந்தக் காட்டில் ஐந்து வயதிலிருந்து வழி தேடிப் பழகிய ஒருவருக்கு ஒன்பது பந்துகள் உள்ள மேசை வெட்டவெளிபோலத் தெரிந்திருக்கும். அவருக்குப் பிறகு வந்தவர்கள் இந்த அடிகளைக் கணக்குப் போட்டுப் பயிற்சி செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்தது அகலம். அமெரிக்காவின் டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியில் நைன் பால், ஒன் பாக்கெட், பேங்க்ஸ் என்று மூன்று ஆட்டங்கள் உண்டு. மூன்றையும் சேர்த்துச் சிறந்தவராக ரேயஸ் ஐந்து முறை தேர்வு பெற்றார். இதில் ஒன் பாக்கெட் அமெரிக்கர்களின் சொந்த ஆட்டம். அதிலும் அவரே முன்னணியில் நின்றார். 2022இல் ஹனோயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், 67 வயதில், கேரம் பில்லியர்ட்ஸ் பிரிவில் வெண்கலம். இது நம் கேரம் பலகை அல்ல. குழியே இல்லாத பில்லியர்ட்ஸ் மேசை ஆட்டம்.

இன்றைய பிள்ளைகள்

மறுப்பு ஒன்று பாக்கி இருக்கிறது, அது வலுவானது. இன்றைய ஆட்டக்காரர்கள் அவரைவிடத் துல்லியமாக அடிக்கிறார்கள். ஜெர்மனியின் ஜோஷுவா ஃபில்லர் 2018இல் இருபது வயதில் உலகப் பட்டம் வென்றார். ரஷ்யாவில் பிறந்த ஃபெடோர் கோர்ஸ்ட் 2019இல் வென்று, அமெரிக்காவுக்காக ஆடி 2024இல் மறுபடியும் வென்றார். பிறவியிலேயே செவித்திறன் குறைந்த அமெரிக்கர் ஷேன் வான் போனிங், அமெரிக்கப் பொதுவிருதை ஐந்து முறை வென்று ஸ்ட்ரிக்லண்டைச் சமன் செய்தார். 2022இல் உலகப் பட்டமும் பெற்றார். பந்தின் குறுக்களவு இரண்டேகால் அங்குலம். இப்போது பெரிய போட்டிகளில் குழியின் வாய் சுமார் நான்கு அங்குலம்தான். அந்தக் குறுகிய வாயில் இவர்கள் போடும் பந்துகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

1999ஆம் ஆண்டு ரேயஸையும் 2024ஆம் ஆண்டு கோர்ஸ்ட்டையும் இன்றைய மேசையில் நைன் பால் ஆடவிட்டால் நான் ரேயஸ்மீது பணம் கட்டமாட்டேன். ஒன் பாக்கெட் என்றால் யோசிப்பேன். ரொட்டேஷன் என்றால் கட்டுவேன். ஆனால் கோர்ஸ்ட் கற்ற ஆட்டத்தில் ரேயஸ் கண்டுபிடித்தவை கலந்திருக்கின்றன. பயிற்சியாளர், காணொளி, வேகமான துணி, தொடக்க அடிக்கென்றே தனிக் கோல் என்று எல்லாமும் இருக்கின்றன. ரேயஸுக்கு இருந்தது பெட்டியும் மேசையும்.

மின்னசோட்டா ஃபேட்ஸை விட்டுவிட்டீர்களே என்று ஓர் அன்பர் கேட்டார். ருடால்ஃப் வாண்டரோன் என்பது அவர் இயற்பெயர். 1961இல் வந்த ஒரு திரைப்படத்தின் பாத்திரம் நான்தான் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். உலகப் பட்டம் ஒன்றுகூட இல்லை. 1978இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மோஸ்கோனியோடு மோதினார். தோற்றார். பேச்சில் மட்டும் மோஸ்கோனியால் அவரை வெல்ல முடியவில்லை.

நம் வட்டாரத்தில் யாரும் இல்லையா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப் 2014இல் உலக இளையர் நைன் பால் பட்டம் வென்றார். 2021இல் அமெரிக்கப் பொதுவிருதின் இறுதி ஆட்டம் வரை போனார். பிலிப்பீன்ஸின் கார்லோ பியாடோவுக்கு எதிராக 8க்கு 3 என்று முன்னிலையில் இருந்தார். அதன் பிறகு பியாடோ தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்று 13க்கு 8 என்று முடித்துவிட்டார். அந்த ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வண்ணப் பந்துகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.